எலுமிச்சம்பழத்துல போன் சார்ஜ் ஏறுமா?

கேள்வி, பர்மாவுல மோல்மேன்லேருந்து. ஏப்ரல் 7, 2024

அண்ணே, என் பையன் ஜூன்ல ஏழாங்கிளாஸ் போறான். போன்ல ஏதோ வீடியோ பாத்துட்டு வீட்ல இருந்த எலுமிச்சம்பழம் அஞ்சையும் ஆணியால குத்திக் கிழிச்சு வச்சிட்டான். வீடியோவுல ஒருத்தர் ஒரே ஒரு பழத்துல ரெண்டு கம்பியைச் சொருகி, அதுல போன் வயரை மாட்டினாரு, சார்ஜ் ஏறிச்சு. எங்க வீட்ல ஒண்ணும் ஏறல. இங்க கரண்டு எப்ப வரும் எப்ப போகும்னு சொல்ல முடியல, அதனால நானும் கொஞ்சம் ஆசைப்பட்டுத்தான் பாத்தேன். பழத்துல கரண்டு வருங்கறது நெசமா, ஊரை ஏமாத்துறாங்களா? நீங்க அந்த வேலையில இருக்கிறவரு, சொல்லுங்க.

பதில், ரங்கூன்லேருந்து. ஏப்ரல் 7, ராத்திரி

ஏமாத்து வேலை. மேசைக்கு அடியில பவர்பேங்க் இருந்திருக்கும். பையனைத் திட்டாதீங்க தங்கச்சி. பழத்தைப் பிழிஞ்சு சர்பத் போட்டுக் குடிங்க, வெயிலுக்கு நல்லது.

ஏப்ரல் 8

முதல்ல ஒரு அவசரத் திருத்தம். குடிக்காதீங்க! ஆணி குத்தின பழத்துல ஆணி மேல பூசியிருக்கிற துத்தநாகம் கரைஞ்சு இறங்கியிருக்கும். வயித்தைப் பிரட்டும், வாந்தி வரும். ராத்திரி தூக்கக் கலக்கத்துல எழுதிட்டேன். குப்பையில போட்டுடுங்க.

ரெண்டாவது, 'ஏமாத்து'ன்னு நான் மொட்டையாச் சொன்னது பாதிதான் சரி. போன் ஏறாது. ஆனா பழத்துல கரண்டு வரும். சின்ன வயசுல எங்க வாத்தியார் கரும்பலகையில படம் போட்டுக் காமிச்சாரு, செஞ்சு காமிக்கல. நாப்பது வருசமா டார்ச்சு, ரேடியோ, இன்வெர்ட்டர்னு ரிப்பேர் பண்றேன், நானும் ஒரு தடவைகூடச் செஞ்சு பாத்ததில்ல. உங்க கேள்வியைப் படிச்சதும் அது உறுத்திச்சு.

காலையில கீழே எலுமிச்சை விக்கிற அம்மா போச்சு. நாங்க அஞ்சாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ரங்கூன்ல எல்லா வீட்டையும் போல எங்க பால்கனியிலயும் ஒரு கயிறு தொங்குது, நுனியில கிளிப். காசைப் பையில வச்சு இறக்கினேன், நாலு பழம் மேல வந்துச்சு. தகரக் கூரைக்கு அடிக்கிற ஆணி கடையில கிடந்தது. செம்புக்குத்தான் தேடினேன். கடைசியில எங்க தாத்தா பொட்டியிலேருந்து ஒரு காலணா எடுத்தேன், ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்டது. அப்பல்லாம் ரங்கூன்ல இந்திய ரூபாயும் அணாவும்தான் ஓடிச்சு. முழுச் செம்பு இல்ல, வெள்ளீயம் கொஞ்சம் கலந்திருக்கும். பரவாயில்ல.

பழத்துல பிளேடால கீறி காசை நிக்க வச்சு, ஒரு விரக்கடை தள்ளி ஆணியைக் குத்தி மீட்டரை வச்சா 0.94 வோல்ட். அறுபது வயசுல எனக்கு வந்த சிரிப்பை என் வீட்டுக்காரி பாத்துட்டு 'என்ன ஆச்சு'ன்னு கேட்டா.

புளிப்புல ரெண்டு உலோகமும் கரையுது, அந்தக் கரைசல்லேருந்துதான் கரண்டு வருது. பையன்கிட்ட அப்படிச் சொல்லுங்க.

ஏப்ரல் 9

நாலு பழத்தையும் வரிசையாக் கோத்தேன். ஒண்ணோட செம்பு அடுத்ததோட ஆணிக்கு. காலணா ஒண்ணுதான் இருக்கு, மத்த மூணுக்கும் வீட்டு வயரிங் கம்பியைச் சுரண்டிச் சுருட்டி வச்சேன். மொத்தம் 3.7 வோல்ட். இது போன் பேட்டரி வோல்ட் ஆச்சேன்னு ஒரு நொடி மனசு கிடந்து அடிச்சிக்கிச்சு, பொய் சொல்லல.

ஒரு சிவப்பு எல்இடியை மாட்டினேன். எரியல. அதோட ரெண்டு காலையும் மாத்தி மாட்டினேன். எரியலன்னு நினைச்சுக் கழட்டப் போனப்பதான் கரண்டு போச்சு. ரூம் இருட்டானதும் பாத்தா எரிஞ்சிக்கிட்டு இருக்கு. ஊதுவத்தி நுனி மாதிரி, அவ்வளவுதான். ஆக, எங்க ஊர் மின்வெட்டுக்கு நான் நன்றி சொன்ன ஒரே நாள் இது.

மீட்டரை அப்படியே வச்சுப் பாத்தா 3.7 காணாம 1.7ன்னு நிக்குது. மீதி 2 வோல்ட் எங்க போச்சு? பழத்துக்குள்ளயே போச்சு. ஒரு பழத்தைத் தனியா எடுத்து ரெண்டு முனையையும் மீட்டரோட ஆம்ப் பக்கத்துல நேரா வச்சா 0.6 மில்லி ஆம்ப், கொஞ்ச நேரத்துல பாதியா இறங்கிடுது. பழம்ங்கறது தனக்குள்ளயே கரண்டை மறிக்கிற ஒன்றரை கிலோ ஓம் ரெசிஸ்டரை முழுங்கி வச்சிருக்கிற பேட்டரி. நாலு பழம் கோத்தா வோல்ட் நாலு மடங்கு ஆகும், அந்த முட்டுக்கட்டையும் நாலு மடங்கு ஆகும்.

ஏப்ரல் 11

பெகுவிலேருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு. 'புளிப்புதான் சக்தி, அதனால இனிப்பு ஆரஞ்சு வேலை செய்யாது, சரியா அண்ணே?'ன்னு. ஆரஞ்சும் வேலை செய்யுது தம்பி, பாத்துட்டேன். வோல்ட்டுல பெருசா வித்தியாசமே இல்ல. அங்கதான் எனக்கு நான் 8ந் தேதி எழுதினது மேலயே சந்தேகம் வந்துச்சு. புளிப்பு சக்தின்னா ஆரஞ்சுல குறையணுமில்ல?

மூணு நாள் குத்தி வச்சிருந்த பழத்தைப் பிரிச்சேன். ஆணி கருத்து, சொரசொரன்னு, ஒரு பக்கம் பூச்சு போய் இரும்பு தெரியுது. காலணா? வச்சதைவிடப் பளிச்சுன்னு இருக்கு! நூறு வருச அழுக்கு போய் ராஜா மீசை தெரியுது. கரைஞ்சது ஒண்ணுதான். 'ரெண்டு உலோகமும் கரையுது'ன்னு நான் சொன்னது தப்பு. பையன்கிட்ட சொல்லியிருந்தா மாத்திச் சொல்லுங்க தங்கச்சி.

நடக்கிறது இது. துத்தநாகம் கரையும்போது அதோட ஒவ்வொரு அணுவும் ரெண்டு எலக்ட்ரானை ஆணியில விட்டுட்டுச் சாறுக்குள்ள இறங்குது. அந்த எலக்ட்ரான் கம்பி வழியா, எல்இடி வழியா சுத்திக்கிட்டு செம்புக்கு வருது. செம்புப் பக்கத்துல சாறுல இருக்கிற ஹைட்ரஜன் அயனி அதை வாங்கிக்கிட்டு வாயுவாப் போகுது. பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தா காசு ஓரத்துல குட்டிக் குட்டிக் குமிழ் தெரியும். செம்பு வெறும் வாசப்படி, அதுக்கு ஒண்ணும் ஆகாது. பழம் வழி விடுது, அவ்வளவுதான். எரியறது துத்தநாகம். பழத்துலேருந்து கரண்டுன்னு சொல்றது, அடுப்பு சோறு போடுதுன்னு சொல்ற மாதிரி.

1800ல வோல்டா செஞ்சதும் இதேதான். அவர் பழத்தைத் தேடிப் போகல, துத்தநாக வில்லைக்கும் செம்பு வில்லைக்கும் நடுவுல உப்புத்தண்ணியில நனைச்ச அட்டையை வச்சு அடுக்கினாரு.

காலணா பளபளப்புக்குக் காரணம் என் வீட்டுக்காரிதான் சொன்னா: 'குத்துவிளக்கை எதைப் போட்டுத் தேய்க்கிறேன்? புளி, எலுமிச்சைத் தோலு. இதுக்கு மூணு நாளா?'

ஏப்ரல் 13

திங்யான், பர்மாக்காரங்க புத்தாண்டுத் தண்ணித் திருவிழா. கடை மூடிட்டேன். கீழே தெருவுல பிள்ளைங்க தண்ணி பீச்சுதுங்க. மேல உக்காந்து கணக்குப் போட்டேன்.

வேலை செய்யும்போது ஒரு பழம் தோராயமா அரை வோல்ட், அரை மில்லி ஆம்ப் தருதுன்னு தாராளமாவே வைங்க. 0.25 மில்லி வாட். போனுக்குச் சாதா சார்ஜர் 5 வாட். வகுத்தா 20,000 பழம். அது ஒரே நேரத்துல, அத்தனையும் கோத்து, அத்தனைக்கும் ஆணியும் செம்பும் போட்டு. சூர்த்தி பஜார்ல ஒரு கடை விடாம வாங்கணும். அதுக்குள்ள முதல்ல குத்தினது காய்ஞ்சிடும்.

கையோட இன்னொண்ணும் போட்டேன். பர்மாவுல கயா மாநில மலையில இருக்கிற லோபிடா பெரிய நீர்மின் நிலையம் 168 மெகாவாட். ஜப்பான் யுத்த நஷ்டஈட்டுப் பணத்துல கட்டி 1960ல ஓட ஆரம்பிச்சது, ரங்கூன் வரைக்கும் கம்பி இழுத்தாங்க. அந்த லைன் வந்தப்ப தெருவே கூடிப் பாத்துச்சுன்னு எங்கப்பா சொல்லுவாரு. அதுக்கு ஈடா எத்தனை எலுமிச்சைன்னு பாத்தா 67,200 கோடி. சைபரை மூணு தடவை எண்ணினேன்.

ஏப்ரல் 14

புத்தாண்டு வாழ்த்து எல்லாருக்கும். பச்சடிக்கு வாங்கின மாங்காயில ஒண்ணைத் திருடி ஆணி குத்தினேன். 0.9. விட்டுட்டு கோயிலுக்குப் போய் வந்தா மேசை பூரா எறும்பு.

ஏப்ரல் 20

பதில் லேட்டானதுக்கு மன்னிக்கணும், போன்ல சார்ஜ் இல்ல. சிரிக்காதீங்க.

யாரோ ஒருத்தர் கொஞ்சம் கோவமா கேட்டிருக்காரு: '2021ல இங்கிலாந்துல மான்செஸ்டர்ல 2,923 எலுமிச்சையில 2,307.8 வோல்ட் எடுத்து கின்னஸ் சாதனை பண்ணியிருக்காங்க. நம்ம வீட்டு லைனே 230 வோல்ட்தான். அப்ப 300 பழத்துல ஒரு வீடு ஓடணுமில்ல? நீங்க 20,000ன்னு பயமுறுத்துறீங்க.'

சாதனை நெசம். ஆனா அண்ணே, அது வோல்ட் சாதனை. நாம இருக்கிற கட்டடத்தை வச்சே சொல்றேன். மொட்டை மாடியில தண்ணித் தொட்டி இருக்கு. ஆறு மாடி உயரம், நல்ல அழுத்தம். அதுலேருந்து இறங்கற பைப் ஊசித் துவாரம் அளவுக்கு அடைச்சுக் கிடக்குன்னா உங்க வீட்டுக் குழாயில என்ன வரும்? சொட்டுத்தான். உயரம் வோல்ட், குழாயில வர்ற தண்ணியோட அளவு ஆம்ப். ரெண்டும் சேந்தாத்தான் வாளி நிறையும். மூவாயிரம் பழத்தை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா தொட்டி ரொம்ப உசரத்துக்குப் போவும், குழாய் அதே ஊசித் துவாரம்தான். ஒரு பழம் விடற கரண்டுதான் மொத்த வரிசையிலயும் ஓடும், அதுக்கு மேல ஒரு துளி வராது.

கரண்டு கூடணும்னா உலோகம் சாறுல படற பரப்பைக் கூட்டணும், ரெண்டு உலோகத்தையும் கிட்டக் கொண்டு வரணும். இந்த ரெண்டுதான் ரகசியம். பழத்தைக் குத்தறதுக்கு முன்னாடி உள்ளங்கையில அழுத்தி உருட்டிக்கோங்க, சாறு பிழியறதுக்கு முன்னாடி பண்ணுவோமே அப்படி. உள்ளே பை உடைஞ்சு சாறு கலக்கும். ஆணியும் காசும் ஒரே சுளையில இருக்கணும். நடுவுல சுளைத்தோல் வந்தா மீட்டர் படுத்துடுது.

ஏப்ரல் 30

நேத்தைக்கு முந்தின நாள் நடு பர்மாவுல சவுக்ங்கற ஊர்ல 48.2 டிகிரி. ஏப்ரல்ல இந்த நாடு இவ்வளவு கொதிச்சதில்லையாம். இங்க அவ்வளவு இல்ல, ஆனாலும் குத்தி வச்ச பழமெல்லாம் தோல் சுருங்கிப் பாக்கு மாதிரி ஆயிடுச்சு. சோதனைக்கு விடுமுறை. வேலையும் ஜாஸ்தி, எல்லாரும் சோலார் பிளேட்டைத் தூக்கிக்கிட்டு வர்றாங்க.

மே 2

இன்னைக்குத் தேதியில 2008ல நர்கிஸ் புயல் அடிச்சுது. ராத்திரி பூரா கூரை பறக்கற சத்தம். விடிஞ்சு பாத்தா தெருவுல மரம், கம்பம், கம்பி எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு. எங்க தெருவுக்குக் கரண்டு வர வாரக்கணக்கு ஆச்சு. மோட்டார் ஓடாததால கீழேருந்து அஞ்சு மாடிக்குத் தண்ணி சுமந்தோம். மெழுகுவத்தி விலை காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு.

இதை ஏன் இங்க எழுதறேன்னா, நேத்து ராத்திரி படுத்திருக்கும்போது சட்டுனு பிடிபட்டுச்சு. அந்த வாரம் நான் செஞ்சது பூரா எலுமிச்சை வேலைதான். கடையில புது பேட்டரி தீந்து போச்சு. ஜனங்க செத்த டார்ச்சு பேட்டரியைக் கொண்டு வருவாங்க, ரேடியோவுல செய்தி கேக்கணும்னு. நான் பெரிய ஆணியால அதோட மேல் மூடியில ரெண்டு ஓட்டை போட்டு, உப்புத்தண்ணி சொட்டு சொட்டா விட்டு, மெழுகால அடைச்சுக் குடுப்பேன். கொஞ்ச நேரம் ரேடியோ பேசும். சில பேரு வெயில்ல காயவச்சுக் கொண்டு வருவாங்க, அதுவும் கொஞ்சம் பேசும். இது எங்கப்பா காலத்து வித்தை, நம்ம ஊர்ப் பக்கமும் எல்லா வீட்லயும் தெரியும்.

ஏன் பேசுச்சு? அந்தக் கறுப்பு பேட்டரியோட வெளி டப்பாவே துத்தநாகம். நடுவுல கரிக் குச்சி, சுத்தி மாங்கனீஸ் கறுப்புப் பொடி, ஈரமான உப்புக் கூழ். 1866ல லெக்லாஞ்சேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் ஜாடியில பண்ணினதைக் காய வச்சு டப்பாவுல அடைச்சதுதான் அது. உள்ளே ஈரம் வத்தினா அயனிக்கு வழி இல்ல, தண்ணி விட்டா வழி திறக்குது. துத்தநாகம் மிச்சம் இருக்கிற வரைக்கும் பேசும். காலையில என் சம்சாரத்துக்கிட்ட சொன்னேன். 'அப்ப தெரியாமத்தான் செஞ்சீங்களா?'ன்னா. தெரியாமத்தான் செஞ்சேன்.

மே 5

அந்த யோசனையில ஒரு பெரிய சைஸ் பழைய பேட்டரியை வாளால அறுத்து டப்பாவை எடுத்தேன். கறுப்புப் பொடி லுங்கி, கை, சமையக்கட்டுத் தொட்டி எல்லாத்துலயும். சோப்பு போட்டும் போகல. யாராவது செய்யறதா இருந்தா பழைய மாடல் கரிக்குச்சி பேட்டரி மட்டும்தான், அதுவும் பெரியவங்க, கையுறை போட்டு, வீட்டுக்கு வெளியே. ஆல்கலைன்னு எழுதியிருந்தா தொடாதீங்க, உள்ளே காரம், கண்ணுல பட்டா போச்சு. போன் பேட்டரி, லித்தியம் எதையும் கத்தி படாம வையுங்க. அது தீப்பிடிக்கும். மோல்மேன் பையன் இந்தக் குறிப்பைப் படிக்கிறான்னா: உனக்கு ஆணி போதும்டா.

துத்தநாக டப்பாவைக் கழுவி, அதையே டம்ளராக்கி, எலுமிச்சைச் சாறு ஊத்தி, நடுவுல செம்புக் கம்பியைச் சுருள் சுத்தி, டப்பாவுல ஒட்டாம இறக்கினேன். 12 மில்லி ஆம்ப்! ஒரு பழம் தந்ததைவிட இருபது மடங்கு. பரப்புன்னு நான் சொன்னது இதுதான். அப்புறம் செத்துப்போன சிஎஃப்எல் பல்புக்குள்ள இருக்கிற குட்டி வளையத்தை எடுத்து, ரெண்டு சுத்துக் கம்பி, ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ரெசிஸ்டர் போட்டு ஜூல் தீஃப் கட்டினேன். முக்கால் வோல்ட்டையே உதறி உதறி ஏத்தி எல்இடிக்குக் குடுக்கற சின்ன சர்க்யூட் அது. ஒரே ஒரு டப்பா சாறுல வெள்ளை எல்இடி எரிஞ்சுது. கடிகார முள் தெரியற வெளிச்சம், பேப்பர் படிக்க முடியாது.

ஆனா டப்பா உள்பக்கமும் சும்மாவே குமிழ் விடுது. எல்இடியைக் கழட்டினாலும் விடுது. சாறு நேராவே துத்தநாகத்தைத் தின்னுது, நமக்கு ஒண்ணும் தராம. ஒரு கிராம் துத்தநாகம் கணக்குப்படி 820 மில்லி ஆம்ப் மணி தரணும். எங்க டப்பா அதுல பாதி தந்தாலே பெரிசு.

மே 12

உருளைக்கிழங்கு பத்திக் கேட்டவங்களுக்கு. பச்சையா குத்தினா 0.2 மில்லி ஆம்ப். வேக வச்சுத் துண்டு போட்டு ரெண்டு தகட்டுக்கு நடுவுல சாண்ட்விச் மாதிரி வச்சா 1.1. இது என் கண்டுபிடிப்பு இல்ல. ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்துல ராபினோவிட்சும் கூட இருந்தவங்களும் 2010ல எழுதினது. எட்டு நிமிசம் வேகவச்சா பவர் பத்து மடங்கு வரைக்கும் கூடுதுன்னு சொன்னாங்க. வேகும்போது கிழங்கோட செல் சுவரு உடையுது, உள்ளே இருக்கிற உப்புச் சத்து தாராளமா நடமாடுது. எனக்கு அஞ்சு மடங்குதான் வந்துச்சு. என் தகடு சின்னது, என் கிழங்கு எதுன்னும் தெரியல.

சோதனைக் கிழங்கு மசாலாவுக்குப் போகாதுன்னு எழுதிக் குடுத்த பிறகுதான் வீட்ல கிழங்கு கிடைச்சுது.

மே 19

இது எழுதத்தான் ஒரு வாரமா கை அரிக்குது. ஸ்ரீலங்கா களனி பல்கலைக்கழகத்துல இதே வேலையை வாழைத்தண்டுல பண்ணியிருக்காங்க, தண்டை நறுக்கி வேகவச்சு. கிழங்குன்னா சாப்பாடு, அதைப் பேட்டரியாக்கறது பாவம், தண்டு குலை வெட்டினா மிஞ்சறதுன்னு அவங்க கணக்கு. படிச்சதும் நான் தலையில அடிச்சுக்கிட்டேன். வேகவச்ச வாழைத்தண்டுக்கு ரங்கூன்ல அலையணுமா? விடியக்காலம் தெருமுனையில மொகிங்கா (மீன் குழம்பு ஊத்தின நூடுல்ஸ்) சட்டியில வேகறது என்ன?

எங்க முனையில கடை போடற பர்மாக்கார அம்மாகிட்ட நாலு தண்டு வில்லை, குழம்பு இல்லாம வேணும்னு கேட்டேன். நோம்பான்னு கேட்டுச்சு. மீட்டர் வச்சுக் காட்டினேன். அந்த அம்மா மீட்டரைப் பாக்கல, என்னைப் பாத்துச்சு. ஆனா குடுத்துச்சு, காசு வாங்கல.

தண்டு எலுமிச்சையைவிட நல்ல பொருள். ஈரம் நிக்குது, தட்டையா நறுக்க வருது, நார் விட்டுப் போகல. வில்லைக்கு இந்தப் பக்கம் துத்தநாகத் துண்டு, அந்தப் பக்கம் செம்பு, ரப்பர் பேண்டு போட்டு இறுக்கினா ஒண்ணு 0.85. ரெண்டு கோத்து ஒரு பழைய எல்சிடி மேசைக் கடிகாரத்துல ஒன்றரை வோல்ட் பேட்டரி இருந்த இடத்துல கம்பியை வச்சேன். மணி 12:00ன்னு வந்து, புள்ளி ரெண்டும் துடிக்க ஆரம்பிச்சுது. அந்தக் கடிகாரம் குடிக்கிறது மைக்ரோ ஆம்ப் கணக்கு, அதுக்கு இதுவே விருந்து.

மே 20

'ஞாப்பி (பர்மா மீன் ஊறல் விழுது) வேலை செய்யுமா?'ன்னு மூணு பேரு கேட்டிருக்கீங்க. வேலை செய்யும். உப்பு ஏராளம். 0.7 வந்துச்சு. இதுக்கு மேல கேக்காதீங்க, அந்த மீட்டர் முனை இன்னும் நாறுது.

ஜூன் 3

பள்ளிக்கூடம் திறந்தாச்சு. மோல்மேன் தங்கச்சி எழுதியிருக்காங்க: 'பையன் நாலு எலுமிச்சையில சிவப்பு லைட்டு எரிய வச்சு கிளாஸ்ல காட்டினான். பகல் வெளிச்சத்துல யாருக்கும் தெரியல. சட்டையைக் கழட்டி மேல போத்திக் காட்டியிருக்கான். எல்லாரும் வரிசையா தலையை உள்ளே விட்டுப் பாத்தாங்களாம். ஒரு பையன் சட்டையோட எலுமிச்சையையும் சேத்துத் தட்டி விட்டுட்டான்.' சட்டை யோசனை எனக்கே வரல. நான் கரண்டு போறதுக்குக் காத்திருந்தவன்.

அவன் அனுப்பின கேள்வி ஒண்ணு: காசை நல்லாக் கழுவி வச்சப்ப முதல்ல காட்டினது கம்மி, அழுக்குக் கம்பி ஏன் கூடக் காட்டிச்சு? நல்ல கேள்விடா. செம்பு மேல இருக்கிற கறுப்புப் படிவமும் எலக்ட்ரானை வாங்கிக்கும், ஹைட்ரஜனைவிடச் சுலபமா வாங்கும். அதனால முதல்ல கொஞ்சம் தூக்கிக் காட்டும். படிவம் தீந்ததும் இறங்கிடும். இது எனக்கு ஏப்ரல்லயே நடந்துச்சு, நான் மீட்டர் பேட்டரி வீக்குன்னு நினைச்சு மாத்தினேன்.

ஜூன் 17

கடிகாரம் இன்னும் ஓடுது. தண்டை நாலு நாளைக்கு ஒரு தடவை மாத்தறேன், மழை ஈரத்துல பூஞ்சை பிடிக்குது. மொகிங்கா அம்மா நான் கேக்காமலே வில்லையைத் தனியா எடுத்து வைக்குது. வீட்ல கரண்டுல ஓடற கடிகாரம் ஒவ்வொரு தடவையும் மின்வெட்டுக்கு அப்புறம் 12:00ன்னு மினுக்கிக்கிட்டு நிக்கும். தெருவே 'மீ லா பீ!', கரண்டு வந்தாச்சுன்னு கத்தும்போது நான் தண்டுக் கடிகாரத்தைப் பாத்துத்தான் அதைத் திருப்பி வைக்கிறேன்.

ஜூலை 1

நின்னுடுச்சு. 3:17. புதுத் தண்டு மாத்தினேன், ஓடல. 'தண்டு சரியில்ல, கடையை மாத்துங்க'ன்னு வீட்ல சொன்னாங்க. பிரிச்சுப் பாத்தா துத்தநாகத் துண்டு நடுவுல சல்லடையா இருக்கு, ஒரு ஓரம் கையோட வந்துடுச்சு. தண்டு பாவம், அது மேல பழி. டப்பாவோட மிச்சத்துலேருந்து புதுசா ஒரு துண்டு வெட்டி வச்சேன். 12:00.

காலணாவைத் திருப்பிக் கேட்டா என் வீட்டுக்காரி. ஏப்ரல்லேருந்து கம்பிப் பொட்டியில கிடந்து பச்சை பூத்திருந்தது. எலுமிச்சைத் தோலும் உப்பும் போட்டுத் தேய்ச்சுக் குடுத்தேன்.